சனிக்கிழமைக் கூலியும் திங்கட்கிழமைப் பட்டியலும்

மளிகைக் கடை நடத்துகிறவருக்கு, ஊரில் யாருக்கு வேலை இருக்கிறது, யாருக்கு வேலை போய்விட்டது என்பதைப் பத்திரிகை பார்த்துத் தெரிந்து கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் பற்று நோட்டே அதைச் சொல்லிவிடும். பவுண்டரியில் சனிக்கிழமை கூலி போட்டால் ஞாயிற்றுக்கிழமை காலையில் கடையில் கூட்டம் நிற்கும். கூலி போடவில்லை என்றால் அதே ஆள் திங்கட்கிழமை இரவு, கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து வந்து, "நோட்டுல எழுதிக்கோங்கண்ணா" என்பார். அந்த நோட்டில் விழுந்த எழுத்து, அடுத்த வாரம் மொத்தக் கடையில் நம் கைக்கு வரும் பட்டியலில் தெரியும். பத்து மூட்டை கேட்டவர் ஆறு மூட்டை கேட்பார். ரொக்கம் வைத்தவர், "அடுத்த வாரம் சேர்த்துத் தருகிறேனுங்க" என்பார்.

ரங்கே கவுடர் வீதியில் சரக்கு வாங்கி விற்று வந்த இந்த நாற்பது ஆண்டுகளில், வேலை இல்லாத காலம் எது, வேலை நிறைந்த காலம் எது என்று நாம் தெரிந்து கொண்டதெல்லாம் இந்தப் பட்டியல்களில்தான். இதே கணக்கை ஒரு நாட்டு அரசாங்கமே வாரந்தோறும் எடுத்து உலகத்துக்குச் சொல்லி வருகிறது. அந்த முறையை நம் வணிகர்கள் தெரிந்து கொள்வது நல்லது. அதில் நம் கடைக்கு எடுத்துக் கொள்ள வேண்டிய பாடங்கள் சில இருக்கின்றன.

வியாழக்கிழமைக் கணக்கு

அமெரிக்காவில் வேலையிழந்தோர் இன்சூரன்ஸ் என்று ஒரு ஏற்பாடு உண்டு. விஸ்கான்சின் மாநிலம் 1932ல் இதற்கு முதல் சட்டம் போட்டது. பிறகு 1935 ஆகஸ்டு 14ந் தேதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் மூலம் நாடு முழுவதும் பரவியது. பெரும்பாலான மாநிலங்களில் முதலாளிதான் இதற்கு வரி கட்டுகிறார். தொழிலாளி தன் தவறில்லாமல் வேலையை இழந்தால், மனுப் போட்டு வாராவாரம் ஒரு தொகை வாங்கிக் கொள்ளலாம். பழைய சம்பளத்தில் ஏறக்குறைய பாதி, அதற்கும் ஓர் உச்சவரம்பு, பல மாநிலங்களில் 26 வாரம் வரை என்பது பொதுவான அளவு.

முந்தைய வாரத்தில் எத்தனை பேர் புதிதாக மனுப் போட்டார்கள் என்ற எண்ணை அந்நாட்டுத் தொழிலாளர் துறை வியாழக்கிழமைதோறும் காலை 8.30 மணிக்கு வெளியிடுகிறது. நம் ஊர்க் கடிகாரத்தில் அது மாலை 6 அல்லது 7 மணி. இத்துடன் இன்னொரு எண்ணும் வரும். முன்பே மனுப் போட்டு, இன்னும் வேலை கிடைக்காமல் தொகை வாங்கிக் கொண்டிருப்போர் எத்தனை பேர் என்பது அது. முதல் எண் புதிதாக வந்த கஷ்டத்தைச் சொல்கிறது. இரண்டாவது எண், வந்த கஷ்டம் தீர்ந்ததா, நீடிக்கிறதா என்பதைச் சொல்கிறது.

இந்த எண் எவ்வளவு பெரிய செய்தியைச் சொல்லும் என்பதற்கு 2020ஆம் ஆண்டே சாட்சி. அந்த வருடம் மார்ச் மாதத் தொடக்கம் வரை வாரத்துக்கு இரண்டு லட்சத்துக்குச் சற்று மேலாகவே மனுக்கள் வந்து கொண்டிருந்தன. மார்ச் 21ல் முடிந்த வாரத்தில் அது சுமார் 33 லட்சமாக ஏறியது. அதற்கு அடுத்த வாரம் சுமார் 68 லட்சம். அதுவரை இருந்த உச்சம் 1982 அக்டோபரில் வந்த 6 லட்சத்து 95 ஆயிரம்தான். அதே நாட்களில் திருப்பூரில் அனுப்பத் தயாராக இருந்த பனியன் பெட்டிகள் கம்பெனிக் கிடங்குகளிலேயே நின்றன. அமெரிக்காவில் சம்பளம் நின்றால் அங்கே துணி வாங்குவது நிற்கும். அங்கே துணி நின்றால் அனுப்பர்பாளையத்திலும் அவிநாசியிலும் கூலி குறையும். கூலி குறைந்தால் நம் பருப்பு மூட்டை நகராது. கடல் கடந்த கணக்கு நமக்கு எதற்கு என்று கேட்பவருக்கு இதுவே பதில்.

அந்தக் கணக்கில் நாம் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயமும் உண்டு. ஒரு வாரத்து எண்ணை மட்டும் பார்த்து அவர்கள் முடிவு செய்வதில்லை. பண்டிகை விடுமுறை, பனிப்புயல் என்று ஏதாவது ஒன்று அந்த வாரத்தைக் கெடுத்திருக்கலாம். ஆகையால் நான்கு வாரச் சராசரியையும் சேர்த்தே வெளியிடுகிறார்கள். ஒரு நாள் வியாபாரம் படுத்தால் பயந்துவிடும் நம்மவர்கள் இதை மனதில் பதிய வைத்துக் கொள்ள வேண்டும்.

நம் நாட்டில் உள்ள ஏற்பாடு

நம் நாட்டில் வேலை இழந்தவருக்கு ஒன்றுமே இல்லை என்று பலர் எண்ணிக் கொண்டிருக்கிறார்கள். அது சரியல்ல. குறைவாக இருக்கிறது, அதுவும் பலருக்குத் தெரியாமல் இருக்கிறது என்பதே உண்மை.

ஈ.எஸ்.ஐ. சட்டம் 1948ல் வந்தது. திட்டம் 1952 பிப்ரவரி 24ந் தேதி கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கியது. தமிழ்நாட்டில் முதலில் வந்தது நம் கோவைக்குத்தான், 1955ல். ஆலைத் தொழிலாளர்கள் நிறைந்த ஊர் என்பதே காரணம். ஈ.எஸ்.ஐ. என்றால் சிங்காநல்லூர் ஆஸ்பத்திரி, மருந்து, பிரசவ விடுப்புப் பணம் என்றுதான் நம் ஊரில் எல்லோரும் அறிவார்கள். வேலை போனால் பணம் என்பது அதில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இல்லை.

2005 ஏப்ரல் 1ந் தேதிதான் ராஜீவ் காந்தி பெயரால் முதல் திட்டம் வந்தது. ஆலை மூடப்பட்டாலோ, ஆட்குறைப்புச் செய்யப்பட்டாலோ, வேலையில் ஏற்பட்ட விபத்தால் அல்லாமல் வேறு காரணத்தால் 40 சதவீதத்துக்குக் குறையாத நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ, சம்பளத்தில் பாதி கிடைக்கும் என்று வைத்தார்கள். முதலில் ஆறு மாதம் என்றிருந்தது, பிறகு ஓராண்டு, அதற்குப் பிறகு இரண்டாம் ஆண்டுக்குக் கால் பங்கு என்று நீட்டினார்கள்.

அடுத்தது 2018 ஜூலை 1ந் தேதி வாஜ்பாய் பெயரால் வந்த அடல் திட்டம். வேலை இழந்தவருக்குத் தினச் சம்பளத்தில் கால் பங்கு, 90 நாள் வரை, வாழ்நாளில் ஒரு முறை என்பது அதன் முதல் விதி. 2020ல் கொரோனா வந்தபோது கால் பங்கைப் பாதியாக உயர்த்தினார்கள். 90 நாள் காத்திருக்க வேண்டும் என்பதை 30 நாளாகக் குறைத்தார்கள். முதலாளி மூலமாக அல்லாமல் தொழிலாளியே நேரடியாகக் கிளை அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம் என்றும், பணம் அவர் வங்கிக் கணக்குக்கே வரும் என்றும் செய்தார்கள். இரண்டாண்டாவது ஈ.எஸ்.ஐ. வளையத்தில் வேலை செய்திருக்க வேண்டும், குறிப்பிட்ட நாட்களுக்குப் பிடித்தம் கட்டப்பட்டிருக்க வேண்டும். ஒழுங்கீனத்துக்காக வேலையை விட்டு நீக்கப்பட்டவர், வயது முடிந்து ஓய்வு பெற்றவர், விருப்ப ஓய்வு எடுத்தவர் ஆகியோருக்கு இது கிடையாது. இந்தச் சலுகைகள் காலக்கெடு வைத்து அவ்வப்போது நீட்டிக்கப்பட்டு வந்தவை. ஆகையால் மனுப் போடும் முன் கிளை அலுவலகத்தில் அன்றைய விதியைக் கேட்டுக் கொள்வது முறை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 15,000 ரூபாய் சம்பளம் என்றால் தினம் 500 ரூபாய். அதில் பாதி 250. தொண்ணூறு நாளைக்கு 22,500 ரூபாய் ஆகிறது. ஒரு குடும்பம் மூன்று மாதம் அரிசி, பருப்பு, எண்ணெய், வாடகை என்று மூச்சுவிட அது போதுமான தொகை. இதே கணக்கு முதல் விதிப்படி என்றால் 11,250 ரூபாய்தான்.

மாநில அரசு தரும் வேலையில்லாதோர் உதவித்தொகை வேறு. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்தாண்டு காத்திருக்கும் இளைஞருக்கு, படிப்பைப் பொறுத்து மாதம் 200 ரூபாயிலிருந்து பட்டதாரிக்கு 600 ரூபாய் வரை, மூன்றாண்டுக்குத் தரும் உதவி அது. வேலை கிடைக்காதவருக்கு உரியதே தவிர, இருந்த வேலையை இழந்தவருக்கு உரியதல்ல. இரண்டையும் ஒன்றாகப் பேசுவது தவறு.

வாரக் கணக்கு மட்டும் நமக்கு இல்லை. வேலை பற்றிய மத்திய அரசின் மாதாந்திர அறிக்கையே 2025 மே மாதம்தான் முதன்முதலில் வெளிவந்தது. அது நாடு முழுவதற்கும் சேர்த்துச் சொல்லும். சோமனூருக்கும் கணபதிக்கும் சொல்லாது.

வேலை போகாமலே கூலி போவது

நம் கொங்கு நாட்டில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. இங்கே வேலை ஒரே நாளில் போவது குறைவு. தேய்ந்து தேய்ந்துதான் போகும். ஆறு நாள் வேலை நான்கு நாள் ஆகும். இரண்டு ஷிப்டு ஒன்றாகும். ஓவர்டைம் நிற்கும். ஆள் பெயர் மஸ்டரில் இருக்கும், கையில் காசு இருக்காது. இப்படிப்பட்டவர் எந்தத் திட்டத்திலும் 'வேலை இழந்தவர்' ஆகமாட்டார். மனுவும் போட முடியாது.

சில உதாரணங்களை நம் வணிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2011 ஜனவரி கடைசியில் உயர்நீதிமன்ற உத்தரவின்படி திருப்பூரில் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. சாயப்பட்டறை ஆட்களோடு கஷ்டம் நிற்கவில்லை. துணிக்குச் சாயம் இல்லாததால் தையல் மெஷினில் இருந்தவருக்கும் வேலை குறைந்தது. 2012ல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது பவுண்டரிகளும் கிரைண்டர், பம்புசெட் பட்டறைகளும் கரண்டு இருக்கும் நேரத்துக்கு மட்டும் ஓடின. 2020 மார்ச் ஊரடங்கில் நின்ற தேசிய பஞ்சாலைக் கழக ஆலைகள், நம் ஊரில் உள்ள பங்கஜா, கம்போடியா, முருகன் ஆலைகள் உட்பட, பழையபடி முழுமையாக ஓடவே இல்லை. அந்தத் தொழிலாளர்கள் சம்பளத்துக்காகப் பலமுறை வீதிக்கு வந்து போராடினார்கள். 2022 ஜனவரியில் கோவை, திருப்பூர் மாவட்ட விசைத்தறியாளர்கள் கூலி உயர்வு கேட்டு ஒரு மாதத்துக்கும் மேலாகத் தறிகளை நிறுத்தினார்கள். 2025 ஆகஸ்டு 27ல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது திருப்பூர்ப் பக்கத்துச் சில்லறைக் கடைகளிலிருந்து வந்த பட்டியல்களில் அது தெரிந்தது.

இவர்களில் தறிக்காரர், கட்டிட வேலைக்காரர், பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் பெண்கள் எனப் பலருக்கு ஈ.எஸ்.ஐ. கார்டே கிடையாது. மாநில அரசின் நல வாரியங்களில் பதிந்தவர்களுக்குப் படிப்பு, திருமணம், இறப்பு, ஓய்வூதியம் ஆகியவற்றுக்கு உதவி உண்டு. வேலை நின்ற வாரத்துக்கு உதவி கிடையாது. அந்த வாரத்தை யார் தாங்குகிறார்கள்? தெருமுனையில் இருக்கும் மளிகைக் கடைக்காரர்தான் தாங்குகிறார். பிரிமியம் வாங்காமல் இன்சூரன்ஸ் நடத்துகிறவர் நம் நாட்டில் அவர் ஒருவர்தான். அவருக்கு மூன்று வாரம், நான்கு வாரம் தவணை கொடுத்து நிற்பவர் மொத்த வியாபாரி. ஆகவே இந்த விஷயம் நம் முதலைப் பற்றியது.

கடையிலேயே ஒரு வாரக் கணக்கு

அமெரிக்கக் கணக்கை நம் நோட்டுக்கு இறக்கிப் பார்க்கலாம். திங்கட்கிழமைதோறும் கடை திறந்ததும் மூன்று எண்களை ஒரு தனி நோட்டில் எழுதி வைத்தால் போதும்.

முதலாவது, சென்ற வாரம் புதிதாகக் கடன் கேட்டவர் எத்தனை பேர். எப்போதும் ரொக்கத்துக்கு வாங்கியவர் முதல் முறையாக எழுதிக் கொள்ளச் சொன்னால் அவரை இதில் சேர்க்க வேண்டும். இது அவர்களுடைய புதிய மனுக்களைப் போன்றது.

இரண்டாவது, சனிக்கிழமை தாண்டியும் பாக்கி கட்டாமல் தொடர்கிறவர் எத்தனை பேர். கஷ்டம் நீடிக்கிறதா என்பதை இது காட்டும்.

மூன்றாவது, பாக்கியைத் தீர்த்துவிட்டு மறுபடி ரொக்கத்துக்கு வந்தவர் எத்தனை பேர். இந்த எண் ஏறத் தொடங்கினால் வேலை திரும்பிவிட்டது என்று தைரியமாகச் சரக்கு எடுக்கலாம்.

நான்கு வாரத்தைக் கூட்டி நான்கால் வகுத்து, அந்தச் சராசரியை அதற்கு முந்தைய நான்கு வாரச் சராசரியோடு ஒப்பிட வேண்டும். உதாரணமாக, புதிதாகக் கடன் கேட்டவர் நான்கு வாரங்களில் 2, 3, 2, 5 என்றால் சராசரி 3. கடைசி வாரம் ஐந்து பேர் வந்துவிட்டார்களே என்று பதறத் தேவையில்லை. அடுத்த நான்கு வாரம் 5, 6, 6, 7 என்று வந்தால் சராசரி 6. அது இரண்டு மடங்கு. அப்போது கொள்முதலைக் குறைக்க வேண்டும்.

வாங்கும் அளவையும் கவனிக்க வேண்டும். ஒரு லிட்டர் எண்ணெய் பாக்கெட் வாங்கியவர் அரை லிட்டருக்கு வருவதும், துவரம் பருப்பைக் குறைத்துக் கொள்ளு, தட்டைப்பயறு கேட்பதும், சோப்பு பெரிய கட்டியிலிருந்து சிறிய கட்டிக்கு மாறுவதும் கடன் கேட்பதற்கு முன்பே வரும் அறிகுறிகள். வடநாட்டுத் தொழிலாளர் அதிகம் உள்ள பகுதியில் ஆட்டாவும் கடுகு எண்ணெயும் சட்டென்று நின்றால், ஆட்கள் ரயில் ஏறிவிட்டார்கள் என்று பொருள்.

ஆனால் அவசரப்பட்டுப் பொருள் கொள்ளக் கூடாது. ஆடி மாதம் மந்தம் என்பதும், தீபாவளி போனஸுக்குப் பிறகு பாக்கி வசூலாகும் என்பதும், பொங்கலுக்கு வெளியூர் ஆட்கள் ஊருக்குப் போவார்கள் என்பதும் நாம் அறிந்ததே. 2023 மார்ச்சில் பொய்யான வீடியோக்களைப் பார்த்துப் பயந்து வடநாட்டுத் தொழிலாளர் பலர் ஊருக்குப் புறப்பட்டார்கள். அப்போது வேலை இருந்தது, ஆள்தான் இல்லை. போன வருடத்து இதே மாதக் கணக்கோடு ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும். அதற்காகவே இந்த நோட்டைக் கிழித்துப் போடாமல் வைத்திருக்க வேண்டும்.

எவ்வளவு எழுதலாம்

'இன்று ரொக்கம், நாளை கடன்' என்று பலகை மாட்டுவது சுலபம். அந்தப் பலகைக்குக் கீழேயே நோட்டும் இருக்கும். கடன் கொடுக்காமல் தெருக்கடை நடக்காது. எல்லை இல்லாமல் கொடுத்தாலும் நடக்காது. நூற்றுக்கு எட்டு ரூபாய் நிற்கும் வியாபாரத்தில் ஒரு வீட்டுப் பாக்கி 4,000 ரூபாய் வராமல் போனால், அதை மீட்க 50,000 ரூபாய்க்குச் சரக்கு விற்க வேண்டும். நாற்பது வீட்டுக்கு வாரம் ஆயிரம் ரூபாய் வீதம் நான்கு வாரம் எழுதினால் 1,60,000 ரூபாய் வெளியே நிற்கும். சிறிய கடைக்கு அதுதான் மொத்த முதலே.

சாயப்பட்டறை மூடியபோது நமக்குத் தெரிந்த மூன்று கடைக்காரர்கள் மூன்று விதமாக நடந்து கொண்டார்கள். ஒருவர் முதல் வாரமே நோட்டை மூடிவிட்டார். பாக்கி நின்றது உண்மை. ஆனால் வேலை திரும்பியபோது வாடிக்கையும் திரும்பவில்லை. இன்னொருவர் மனம் இளகிக் கேட்டதெல்லாம் கொடுத்தார். நான்கு மாதத்தில் நமக்கே பணம் கட்ட முடியாமல் கடையைக் கைமாற்றினார். மூன்றாமவர் அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு, பால் பவுடர் மட்டும் எழுதினார். சிகரெட், மிக்சர், கூல்டிரிங்க் எதுவாக இருந்தாலும் ரொக்கம் என்றார். ஒரு வீட்டுக்கு இரண்டு வாரக் கூலிக்கு மேல் பாக்கி ஏறவிடவில்லை. அதற்கு மேல் கேட்டவரிடம், "பழைய பாக்கியை அப்படியே நிறுத்தி வையுங்க, வாரம் இருநூறு மட்டும் கொடுங்க, புதுசா அன்றன்றைக்கு ரொக்கத்துக்கு வாங்கிக்கோங்க" என்றார். அவர் கடை இன்றும் நடக்கிறது.

மொத்த வியாபாரிகளான நாமும் இதே முறையைத்தான் பின்பற்ற வேண்டும். கஷ்ட காலத்தில் சில்லறைக் கடைக்காரரின் தவணையை ஒரேயடியாக வெட்டினால் அவர் நோட்டை மூடுவார், தெரு பட்டினி கிடக்கும், நம் சரக்கும் தேங்கும். சரக்கின் அளவைக் குறைத்து, தவணையைக் காப்பாற்றிக் கொடுப்பதே இருவருக்கும் நல்லது.

நம் கடை ஆட்களுக்கு

மற்றவர் தொழிலாளியைப் பற்றிப் பேசும் நாம், நம் கடையில் மூட்டை தூக்குகிறவரையும் எடை போடுகிறவரையும் மறக்கக் கூடாது. பத்து பேர், அதற்கு மேல் வேலை செய்யும் கடைக்கும் ஈ.எஸ்.ஐ. உண்டு. 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர் அதில் வருவார். 2019 ஜூலை முதல் முதலாளி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75 சதவீதம் என்று குறைத்தார்கள். 15,000 ரூபாய் சம்பளத்துக்கு நாம் கட்டுவது 487 ரூபாய் 50 காசு; ஆள் கட்டுவது 112 ரூபாய் 50 காசு; இரண்டும் சேர்ந்து 600 ரூபாய். பதினொரு பேர் இருந்தும் ஒன்பது பேர் என்று எழுதிக் கொள்கிற வழக்கம் நம்மிடையே இருப்பதை மறைப்பதில் பயனில்லை. 2020ல் ஜவுளிக் கடைகளும் ஓட்டல்களும் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தபோது, பெயர் பதியப்பட்டிருந்த ஆளுக்கு மனுப் போட ஒரு வழி இருந்தது. பதியப்படாத ஆள் வந்து நின்றது நம் கடை வாசலில்தான். அவருக்குக் கைமாற்றாக நாம் கொடுத்த தொகையை, இத்தனை வருடம் கட்டாமல் விட்ட பிடித்தத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் எது லாபம் என்று விளங்கும்.

நம் கடைக்கு வரும் தொழிலாளிகளுக்கும் சில வார்த்தை சொல்லி வைக்கலாம். பிடித்தம் ஒழுங்காகக் கட்டப்படுகிறதா என்று பார்த்துக் கொள்ளச் சொல்லலாம். கார்டு நம்பர், ஆதார், வங்கிக் கணக்கு மூன்றும் பொருந்தி இருக்க வேண்டும். வேலை போய்விட்டால் வெட்கப்பட்டு வீட்டில் உட்காராமல் கிளை அலுவலகத்துக்குப் போய்க் கேட்கச் சொல்ல வேண்டும். அது தானம் அல்ல. அவர் சம்பளத்தில் பிடித்த பணத்துக்கு உரிய பாத்தியதை. அந்தப் பணம் வந்தால் அதில் முதல் செலவு நம் பாக்கியாகத்தான் இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டியதில்லை.

சங்கத்துக்கு ஒரு யோசனை. கணபதி, பீளமேடு, சிங்காநல்லூர், சோமனூர், பல்லடம், அவிநாசி, பொள்ளாச்சி ஆகிய இடங்களிலிருந்து இடத்துக்கு நான்கைந்து கடைகள், மேலே சொன்ன மூன்று எண்களை மட்டும் திங்கட்கிழமைதோறும் சங்க அலுவலகத்துக்குச் சொன்னால் போதும். யார் பெயரும் வேண்டாம், யார் பாக்கி எவ்வளவு என்றும் வேண்டாம். சங்கம் அதைக் கூட்டிச் சராசரி எடுத்து இந்த இதழில் மாதம் ஒரு முறை அச்சிடலாம். எந்தப் பக்கம் வேலை குறைகிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று ஆறு மாதத்தில் நம் கைக்கே ஒரு கணக்கு வந்துவிடும். செலவு ஒரு நாற்பது பக்க நோட்டு. வரும் திங்கட்கிழமையே தொடங்கலாம்.